சரிங்கக்கா வளர்த்த வில்லிகள்

இராமநாதபுரம் ஜில்லா முழுக்கத் தேடினாலும் எங்கள் சரிங்கக்காவைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. அவரைப் போல அத்தனை கொலை, கொள்ளை, ராஜதுரோகங்களை முன்னால் நின்று நடத்திவைத்தவரையும் பார்க்க முடியாது.

வேலை பார்க்கும் பெண்களுக்கான எங்கள் விடுதியில் அவருக்கு மாடி அறை. என்ன சொன்னாலும் "சரிங்க" என்பார். "அக்கா, உங்க பக்கெட்டை எடுத்துக்கிட்டேன்" என்றால் சரிங்க. ஆபீசில் ஆளாளுக்குத் தங்கள் வேலையை அவர் மேஜையில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போவார்கள், அதற்கும் சரிங்க. அவருடைய நிஜப்பெயரை நாங்கள் உபயோகித்ததே இல்லை.

அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் கதைப் புத்தகம் என்று நினைத்து ஒரு தடிப் புத்தகத்தையும், பல முகங்கள் உள்ள தாயக்கட்டைகள் போட்ட சுருக்குப் பையையும் வாங்கி வந்து தங்கையிடம் கொடுத்துவிட்டார். அக்கா அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்துப் பார்த்தால், அது ஒரு விளையாட்டு. பலகை, காய் எதுவும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் இதைச் செய்யுறேன்" என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை உருட்டிய கட்டை முடிவு செய்யும்.

புத்தகத்தில் எல்லாரும் வீரதீரர்கள், தர்மவான்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"நல்லவளாத்தான் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் இருக்கமே. ஞாயித்துக்கெழமையாச்சும் கெட்டவளா இருங்கத்தா" என்றார்.

தங்கச்சிமடத்து நர்ஸ் மேரி விஷம் காய்ச்சுகிறவள் ஆனாள். அபிராமத்து டீச்சர் பாண்டியம்மா, ராஜாவைக் கவிழ்க்கத் துடிக்கும் மந்திரி. கமுதிக்காரியான நான் கொள்ளைக்காரி. மூவரும் சேர்ந்து ஒரு தீவை ராஜாவிடமிருந்து பிடுங்க வேண்டும். ராஜா, காவல்காரன், வண்ணான், அரண்மனைக் கிளி வரைக்கும் பாக்கி அத்தனை பேரும் அக்காதான்.

முதல் ஞாயிறு. ராஜாவின் முத்துமாலையைப் பறிக்க நான் அரண்மனைக்குள் புகுந்துவிட்டேன்.

"அய்யா, அந்த மாலையைக் கொஞ்சம் தாரீங்களா?" என்றேன்.

அக்கா கட்டையைக் கீழே வைத்தார். "ஏத்தா, கொள்ளையடிக்க வந்தியா, எரவல் வாங்க வந்தியா?"

அடுத்த வார ஆட்டத்தில் பாண்டியம்மா, பங்கு கேட்டேன் என்பதற்காக என் பானகத்தில் விஷத்தைக் கலந்துவிட்டாள். மூன்று நாள் விடுதிச் சாப்பாட்டில் நான் அவளுக்குக் குழம்பு வாளியைத் தள்ளவில்லை. அக்கா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "வெளிய எம்புட்டுக் கெட்டவளா வேணாலும் இருங்க. உங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டா கதை படுத்துரும்." செத்த என்னை ஒரு மீனவர் தூக்கிப் போய்ப் பிழைக்கவைத்தார். அந்த மீனவரும் அக்காதான்.

ஒருநாள், "ராசாவை மொளகாச் சாக்குக்குள்ள போட்டுத் தச்சுக் கடல்ல தள்ளிருவோம்" என்று மேரி கத்தியது வராந்தா வரை கேட்டிருக்கிறது. வார்டன் அம்மா வாட்ச்மேனோடு கதவைத் தட்டினார். விஷயத்தைக் கேட்டவர், வாட்ச்மேனை அனுப்பிவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். "அந்த ராசாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. கொலைக்கெல்லாம் முறுக்கு தின்றுகொண்டே தலையாட்டிய அந்த அம்மா, தீவில் இருந்த ஒரே நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் பாண்டியம்மா பூட்டுப் போட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "ஆளை வேணா கொல்லுங்கடி. தண்ணியில கை வைக்காதீங்க!" லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊர்க்காரி வேறென்ன சொல்வார்? மறுவாரமே கிணறு திறந்துவிடப்பட்டது.

அந்தச் சமயத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணம் முடிந்ததும் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார் மாப்பிள்ளையின் மாமா. வீடே என் "சரி"க்குக் காத்திருந்தது. என் வாயிலிருந்து வந்ததோ கொள்ளைக்காரியின் குரல்.

"விட மாட்டேன். காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

என்னைப் பெற்ற அய்யா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. சங்கதியைச் சொன்னபோது சரிங்கக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்புடித்தா சொன்ன? இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். பாராட்டுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அந்தக் கப்பல் அண்ணன் விடுதிக்கு வந்தார். பார்வையாளர் அறைக் கதவுக்குப் பின்னால் நாங்கள் மூவரும் நின்றோம்.

"நான் கப்பலுக்குப் போயிட்டா பிள்ளைகளைப் பாக்க ஆளில்ல. நீ ஒத்தக்கட்டைதான? வேலையை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்றார் அவர்.

அக்காவுக்குப் பிடித்திருந்ததெல்லாம் அந்த வேலையும், அந்த மாடி அறையும், எங்கள் ஞாயிற்றுக்கிழமையும்தான். மேரி சுருக்குப் பையை நெஞ்சோடு வைத்து மாதாவை வேண்டினாள். 'மாட்டேன்னு சொல்லுங்கக்கா' என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சரிங்கண்ணே" என்றார் அக்கா.

போகும்போது புத்தகத்தையும் பையையும் எங்களிடம் கொடுத்தார். அப்போது ராஜாவை நாங்கள் கடைசி அறைவரை விரட்டிப் பிடித்திருந்தோம். "மிச்சத்தை நீங்களே நடத்துங்கத்தா" என்றார். பாண்டியம்மா நடத்திப் பார்த்தாள். அவளுடைய ராஜாவுக்கு அக்காவின் ராஜாவைப் போல அழத் தெரியவில்லை. வார்டன் அம்மா பாதியில் எழுந்து போய்விட்டார். அதோடு எல்லாம் முடிந்தது.

என் மனதை இன்றைக்கும் அறுக்கிறது ஒன்று. அத்தனை ஞாயிறுகளிலும் அக்கா ராஜாவாக இருந்தார், காவல்காரனாக இருந்தார், பறிகொடுத்தவர்களாகவும் செத்தவர்களாகவும் இருந்தார். ஒரே ஒரு நாள்கூட வில்லியாக இருந்ததில்லை. எங்களுக்கெல்லாம் ஒத்திகை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று சொல்ல எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

கட்டைகள் என் பீரோவில்தான் இருக்கின்றன. அக்கா, ஒரு ஞாயித்துக்கெழமை வாங்க. நான் ராசாவா உக்காந்திருக்கேன். மாலையைக் கேக்காதீங்க, பறிச்சுக்கிட்டுப் போங்க.