முதுகு வலிக்கு ஒரு வேர்

என் வீட்டில் நான் பெண்டாட்டியை ஜெயித்தது ஒரே ஒரு டப்பாவில்தான்.

நான் பஸ் டிரைவர். முதுகு வலி என்னோடு கூடப்பிறந்தது மாதிரி. மருந்துக் கடைக்காரர் ஒருவர் ஏதோ வேரை இடித்துக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்தார். "இயற்கைங்க, ஒண்ணும் பண்ணாது!" என் மனைவிக்கு அந்த மாதிரி மருந்தே ஆகாது. விட்டுவிட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, டப்பாவைப் பழைய ஷூவுக்குள் ஒளித்து, இரண்டு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தைக்கென்று ஒதுக்கிய அறையில் இஸ்திரி மேஜைதான் நிற்கிறது. போன வருஷம் டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்து, விந்தணு ரொம்பக் குறைவு என்றார்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சேச்சே! தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டேன்."

பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்வது? அதற்குப் பிறகும் குழந்தைக்காக ஊசி ஊசியாகப் போட்டுக்கொண்டது அவள்தான். வயிறெல்லாம் நீலமாகக் கன்னிப்போயிருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அடைத்த தொண்டையிலும் கேப்சூல் இறங்கிவிடும்.

போன வாரம் புது ரிப்போர்ட் வந்தது.

"நல்லா ஏறியிருக்கே! இப்பதான் எனக்கு நம்பிக்கை வருது," என்றார் டாக்டரம்மா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தியமாவது ஒண்ணாவது! சட்டைப் பையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"எல்லாம் இந்த வேரோட மகிமை டாக்டர். இவளுக்குத் தெரியாமதான் சாப்பிட்டேன். இந்த மூணு மாசமா முதுகு வலிகூட இருந்த இடம் தெரியல!"

டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நாலு மாசம் முன்னாடி ஷூவைத் துடைக்கறப்ப டப்பா கிடைச்சுது. இவங்ககிட்ட கொண்டுவந்து காட்டினேன். அந்த வேர்ல இருக்கற ஏதோ ஒண்ணு, விந்தணு உண்டாகற இடத்துலயே கை வெச்சு அழிக்குதாம்."

"அப்ப இது?"

"கோதுமை மாவு. நீங்க டப்பா வாங்க வாங்க, ஒவ்வொண்ணா பிரிச்சுக் கொட்டி, நான் மாவை அடைச்சு வெச்சேன்."

"முதுகு வலி போச்சே?"

"மாவுக்கே போயிருக்கு."

இருவரும் படியிறங்கினோம். அத்தனை ஊசியும் என் ஒரு பொய்க்காக அவள் வாங்கிக்கொண்டது. பாவி, நான் மனுஷனே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? வேற கடையில வாங்கியிருப்பீங்க." குரல் உடைந்து, அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள்.

அதே வேரைப் பொடியாக, அரைக்கிலோ, டிப்போவுக்கு எதிர்க்கடையில் இரண்டு நாள் முன்னால்தான் சொல்லிவைத்திருந்தேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டிப்போ எதிர்க்கடைக்காரர் காலையில வீட்டுக்குப் போன் பண்ணினார். அரைக்கிலோவும் வேண்டாம்னு சொல்லிட்டேன்."