வத்தல்மலைக்கு உரிமை வந்த கதை

மனிதனாகப் பிறந்த எவனுக்கும் சில உரிமைகள் உண்டென்று ஐக்கிய நாட்டுச் சபையார் பாரிஸ் பட்டணத்தில் கூடிப் பிரகடனம் செய்த செய்தி, எங்கள் தாலுகாவுக்கு மறு வருஷம், அதாவது 1949 சித்திரையில்தான் வந்து சேர்ந்தது. வந்த செய்தியைத் தக்க மரியாதையுடன் வரவேற்க வேண்டுமென்று மேலிடத்தில் அபிப்பிராயப்பட்டார்கள். அதன் பலனாகச் 'சர்வதேச மனித உரிமைச் சட்ட ஆலோசகர்' என்றொரு உத்தியோகம் உண்டாயிற்று. ஸ்ரீ சின்னப்பராஜ், பி.ஏ., பி.எல். அதில் அமர்ந்தார். தாலுகா கச்சேரியில் வேறு இடம் காலியில்லாததால் சப்-ஜெயிலை ஒட்டியிருந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

முந்தின வருஷம் எங்கள் ஊரில் பாட்மிண்டன் மோகம். இந்த வருஷம் மனித உரிமை. எங்கள் மாதர் சங்கத்தில் கோலப் போட்டியைக்கூட ஒத்திவைத்துவிட்டு, பிரகடனத்தின் ஷரத்துக்களை ராகத்தோடு ஒப்பிக்கப் பழகினோம்.

ஆலோசகர் நல்ல மனிதர். லஞ்சம் வாங்காதவர். பிரகடனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஒரே குறை, ஆலோசனை கேட்க ஒருவரும் வரவில்லை. ஆகையால் வத்தல்மலைக் கருப்பி ஒரு நாள் வாசலில் வந்து நின்றபோது, அவர் தம்மையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

அவளுடைய புருஷன் மல்லையன் கடுக்காய் மூட்டையோடு பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு இறங்கியபோது காட்டிலாகா ரேஞ்சர் பிடித்து, வாய்ச்சொல்லிலேயே சப்-ஜெயிலில் போட்டுவிட்டார். என்ன குற்றமென்று யாரும் சொல்லவில்லை. மலையில் மழை பெய்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் சாமை விதைக்க வேண்டும். ஏர் பிடிக்க வீட்டில் அவனை விட்டால் ஆளில்லை.

"ஒன்பதாவது ஷரத்து! காரணமின்றி எவரையும் அடைத்து வைக்கக் கூடாது. உலகமே உன் பக்கம் நிற்கிறதம்மா" என்றார் ஆலோசகர்.

"உலகம் நிக்கட்டுங்க சாமி. எங்கூட்டு ஆளு வந்தாப் போதும்."

ரேஞ்சரைக் கூப்பிட்டனுப்பினார்கள். உலகம் என்ற பேச்சைக் கேட்டதும் ரேஞ்சருக்கு வியர்த்துவிட்டது.

"எதற்கு சார் வம்பு? சாயங்காலமே விட்டுவிடுகிறேன்" என்றார்.

"என்ன காரணத்துக்காக விடுவீர்கள்?"

"காரணமில்லாமல்தானே சார் பிடித்தேன்?"

"காரணமில்லாமல் பிடித்தது ஒரு தப்பு. காரணமில்லாமல் விட்டால் அது இன்னொரு தப்பு. இரண்டாவது தப்புக்கு நான் உடந்தையாக இருக்க முடியாது."

ரேஞ்சருக்குக் காரணம் எழுதும் பழக்கமில்லை. எனவே ஆலோசகரே உட்கார்ந்து, தமது அழகான இங்கிலீஷில், ரிசர்வ் காட்டில் கடுக்காய் பொறுக்கிய குற்றத்தை விஸ்தாரமாக எழுதிக் கொடுத்தார். அந்த நிமிஷம் முதல் மல்லையன் காரணத்தோடு உள்ளே இருந்தான். உரிமை மீறல் நிவர்த்தியாயிற்று. மூட்டை மட்டும் ஏற்கெனவே ஒரு மண்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் சொத்துரிமையைப் பாதுகாக்கும் பதினேழாவது ஷரத்து மண்டிக்காரரைக் காப்பாற்றியது.

கருப்பி மறுபடியும் மலையிறங்கி வந்தாள். புருஷனைத் திருடன் என்று எழுதிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. மலையில் நடப்பதை ஒளிக்காமல் சொன்னால் ஆலோசகருக்கு விளங்கிவிடும் என்று நம்பினாள்.

"அவரு ஒருத்தரு பொறுக்குனதில்லீங்க. ஊரே பொறுக்கும். மாரியாயி கோயில்ல ஒண்ணாக் கொட்டி வெச்சு, முறை போட்டு ஓராளு சந்தைக்குத் தூக்குவாங்க. இந்த வாட்டி அவரு முறை. வேணுமின்னா ஊரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

ஆலோசகரின் முகம் கறுத்தது. ஊரே பொறுக்கியிருக்க, ஒருவன் மட்டும் உள்ளே இருப்பதா? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் ஏழாவது ஷரத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

ஊரைக் கூப்பிட்டார்கள். மல்லையனுக்காகச் சாட்சி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஏர் பிடிக்கத் தெரிந்த ஆண்கள் அனைவரும் துவைத்த வேட்டியோடு வந்தார்கள். பொறுக்கினீர்களா என்று கேட்டதற்கு, மல்லையனைத் தனியே விட்டுக்கொடுக்கக் கூடாதென்று, பொறுக்காதவர்கள்கூடப் பொறுக்கியதாகச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் பாரபட்சம் முற்றிலும் நீங்கிவிட்டது.

இப்போது சப்-ஜெயிலில் கால் நீட்ட இடமில்லை. போதிய வசிப்பிடம் மனிதனின் உரிமை. அது இருபத்தைந்தாவது ஷரத்து. ஆலோசகர் சற்றும் யோசிக்காமல் தமது அறையில் பாதியைத் தடுத்து ஜெயிலுக்குக் கொடுத்துவிட்டார். மேஜையை வராந்தாவில் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை பார்த்தார். இப்படிப்பட்ட தியாகத்தை எங்கள் ஊர் அதற்குமுன் கண்டதில்லை.

கச்சேரி முற்றத்தில் பாராட்டுக் கூட்டம் கூட்டினோம். தாசில்தார் மாலை போட்டார். ரேஞ்சர் இரண்டாவது மாலை போட்டார். மாதர் சங்கத்தின் சார்பில் ஷரத்துக்களைப் பாடினோம். உரிமை பெற்றவர்களின் பிரதிநிதியாகக் கருப்பியை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வார்த்தை பேசும்படி தாசில்தார் கேட்டுக்கொண்டார்.

அவள் மேடையைப் பார்க்காமல் ஆலோசகரை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"சாமி, நீங்க குடுத்த உரிமையெல்லாம் ஒசத்திதானுங்க. ஆனா எங்களுக்குக் கட்டுபடியாகாது. அத்தனையும் நீங்களே திருப்பி எடுத்துக்கிட்டு ஆளுங்கள வுட்டுருங்க. மேல ஈரம் காஞ்சிட்டு வருது."

ஆலோசகரின் கண்கள் கலங்கின. எழுந்து நின்று கைகூப்பினார்.

"தாயே, நீ அறியாமல் கேட்கிறாய். இந்த உரிமைகளை எந்தச் சர்க்காரும் உன்னிடமிருந்து பறிக்க முடியாது. நீயே மனமுவந்து கொடுத்தாலும் எவரும் திருப்பி வாங்க முடியாது. அதுவே இதன் மகிமை."

இவ்வளவு உயர்ந்த வாக்கியத்தை நாங்கள் கேட்டதில்லை. எல்லோரும் பலமாகக் கை தட்டினோம். சப்-ஜெயில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பெரிதாக ஓசை எழுந்தது. கரகோஷம் உள்ளே வரைக்கும் பரவிவிட்டதென்று ஆலோசகர் பூரித்துப்போய் அந்தத் திசைக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

அது கதவை இடிக்கும் சத்தம் என்று எங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் கை தட்டுவதை யார் முதலில் நிறுத்துவது என்று தெரியவில்லை. ஆகையால் நாங்களும் தட்டிக்கொண்டே இருந்தோம்.