நாற்பது யூனிட் தன்னம்பிக்கை

பதினெட்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் ஒன்றுமே கிடையாது. என் சொந்த உடம்பைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் அம்மாவிடம் விசாரித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏழு வயதிலேயே எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அன்றிலிருந்து குழந்தைகள் டாக்டரிடம் நான் செய்த ஒரே வேலை, நாக்கை நீட்டுவது. பேச்சுவார்த்தை எல்லாம் என் இடது பக்கம் உட்காரும் அம்மாவோடுதான். வீட்டிலும் அப்படியே. இன்சுலின் பேனாவைத் திருகி, அளவு வைத்து அம்மா நீட்டுவார். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் வயிற்றில் குத்திக்கொள்வேன். (“ஊசியெல்லாம் நானே போட்டுக்குவேன்” என்று கல்லூரியில் பீற்றல் வேறு.)

பதினெட்டு முடிந்ததும் அந்த டாக்டர், “இனிமே பெரியவங்க டாக்டர்தான் ஜெனி. ஃபைலை எடுத்துட்டுப் போ, அம்மாவையும் கூட்டிட்டுப் போ” என்றார். இரண்டையும் நான் தள்ளுபடி செய்தேன். பதினொரு வருஷத்து ஃபைல் கல்யாண ஆல்பம் கனம் கனக்கும். அதைச் சுமந்துகொண்டு அம்மா பின்னால் போனால் என்னை யார் பெரியவள் என்று நம்புவார்கள்?

“அளவெல்லாம் தெரியுமாடி?” என்று கேட்டார் அம்மா. பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவர்.

“எல்லாம் தெரியும்மா. நீ ஸ்கூலுக்குக் கிளம்பு.”

ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரத்தில் இறங்கினேன். கிளினிக் முழுக்கத் தாத்தாக்கள். டோக்கன் கொடுக்கும் அண்ணா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, பேஷன்ட் ஆட்டோலயே குந்திகினு கீறாரா? இட்டுகினு வா.”

“நான்தாண்ணா பேஷன்ட்.”

பக்கத்து நாற்காலிப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அடப் பாவமே” என்று தன் சர்க்கரையில்லா பிஸ்கட்டில் ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். (தன்மானம் வேறு, பிஸ்கட் வேறு.)

உள்ளே போனதும் புது டாக்டர் கேட்டார். “படுக்கறப்ப போடற ஊசி எத்தனை யூனிட்?”

பழக்க தோஷம், இடது பக்கம் திரும்பினேன். அங்கே எடை பார்க்கும் மெஷின் நின்றுகொண்டிருந்தது. அது ஒன்றும் சொல்லவில்லை.

“ஃபைல் எங்கம்மா?”

“வீட்ல இருக்கு சார். எனக்கே தெரியும்.”

மேஜை மேலிருந்த காலிப் பேனா ஒன்றைக் கொடுத்து, “சரி, வெச்சுக் காட்டு” என்றார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ கடகடவென்று திருகினேன். எவ்வளவு திருகினால் பெரிய மனுஷியாகத் தெரிவேன் என்பதுதான் அப்போது என் கவலை. நிறுத்திவிட்டுக் கணீரென்று, “நாப்பது சார்” என்றேன்.

டாக்டர் பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டார். “இதைப் போட்டுக்கிட்டுப் படுத்தா, காலைல உன்னை எழுப்ப முடியாதும்மா.”

என்றாவது அம்மா ஊரில் இல்லாவிட்டால் நான் இப்படித்தான் திருகியிருப்பேன்.

டாக்டர் அம்மாவுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒன்பதாம் வகுப்பின் இரைச்சல் கேட்டது. அவர் கேள்வியை முடிப்பதற்குள், “காலைல பத்து, ராத்திரி எட்டு, படுக்கறப்ப பதினாறு சார்” என்றார் அம்மா. பிறகு சந்தேகத்தோடு, “அவ எத்தனைன்னு சொன்னா?”

டாக்டர் நல்லவர், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். “நாப்பது.”

“கர்த்தரே!” என்று அம்மா போட்ட சத்தத்தில் ஒன்பதாம் வகுப்பே அடங்கிப்போனது.

“டீச்சர், இனிமே நீங்க அளவு வைக்காதீங்க. அவ வைக்கட்டும். நீங்க ஒரு மாசம் பக்கத்துல உக்காந்து பாருங்க, போதும்” என்றார் டாக்டர். அம்மா “சரி சார்” என்றபோது அது டீச்சர் குரலாக இல்லை.

மறுநாள் காலை பேனா என் கையில் இருந்தது. அம்மா எதிரே, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தில் நிறுத்தி, “சரியாம்மா?” என்றேன்.

“நீதான் சொல்லணும்.”

மூன்று முறை பார்த்தேன். பத்துதான். குத்திக்கொண்டேன். அம்மா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக என் அளவை நானே வைக்கிறேன், டாக்டரிடமும் நானே பேசுகிறேன். ஆனால் வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும் தம்பி “நாப்பதா?” என்பான். என் கல்யாணத்தன்று பாஸ்டர் கேட்டதும், “சம்மதம்” என்று சர்ச் முழுக்க ஒலிக்கும்படி சொன்னேன். முதல் பெஞ்சிலிருந்த அம்மா, தம்பியின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “நாப்பதுன்னு சொன்னாளே, அதே குரல்டா.”