காந்தமும் பரோட்டா எண்ணெயும்

தூத்துக்குடியில் இரும்பாகப் பிறந்த எதுவும் காந்தத்திடமிருந்து தப்பியதில்லை. காந்தம் என்பது என் அறைத்தோழனின் பட்டப்பெயர். உடைந்த ஸ்பீக்கரில் பிடுங்கிய வட்டக் காந்தத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஓட்டல் கரண்டி, மாதா கோவில் கேட், ஒருமுறை போலீஸ்காரரின் பெல்ட் என்று எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்ப்பான். துறைமுகத்தில் கன்டெய்னர் சரிபார்க்கும் வேலை. உயிர் மட்டும் கத்தி செய்வதில்.

மொட்டைமாடியில் சில செங்கற்கள், சிரட்டைக் கரி, ஊதுவதற்குப் பழைய ஹேர் டிரையர். அவ்வளவுதான் பட்டறை! லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அறுத்துத் தேய்த்துக் கத்தியாக்கி நெருப்பில் வைப்பான். நன்றாகச் சிவந்ததும் காந்தத்தைக் கம்பியில் கட்டி நீட்டுவான்.

"ஒட்டலைலே மாப்ள! ஒட்டலை!"

தெருவே திரும்பிப் பார்க்கும். காந்தம் ஒட்டாத சூடு வந்தால்தான் இரும்பு தயார். இன்னும் கொஞ்சம் காட்டிவிட்டுச் சட்டென்று முக்கிவிட வேண்டும். எதில்?

"நம்ம ஊர் கத்திக்குக் கடல்தண்ணிதாம்ல ராசி."

குடத்தில் மொண்டு வந்து முக்கினான். 'டிக்' என்றது. குறுக்கே விரிசல்.

வீட்டுக்காரி செலின் அக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். காயப்போட்ட துணியெல்லாம் கரி என்று மாடியேறி வந்தாள்.

"ஏலே, ஞாயித்துக்கெழம பெரிய சீலா மீனு வருது. உன் கத்தி வெட்டிச்சின்னா நீ இங்கன இரு. இல்ல, அடுப்பையும் உன்னையும் சேத்து இறக்கிருவேன்."

"எக்கா, தலையே ஒரே வெட்டுல போயிரும்!"

"யாரு தலைலே?"

அடுத்த கத்திக்குப் பரோட்டாக் கடையில் கழித்த எண்ணெயை வாங்கி வந்து, இளஞ்சூடாக்கி முக்கினான். விரிசல் இல்லை! ஆனால் எழுந்த வாசனையில் எதிர்வீட்டுக்காரர், "சால்னா உண்டா தம்பி?" என்று கேட்டேவிட்டார்.

முக்கியெடுத்த கத்தி கண்ணாடி மாதிரி, தட்டினால் தெறித்துவிடும். மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் முரட்டுத்தனம் தணியும். நேரே பேக்கரிக்கு ஓடினோம்.

"ஏலே, இது பன் அடுப்பா, கொல்லம்பட்டறையா?"

"அண்ணாச்சி, பன்னு சிவக்கதுக்குள்ள எடுத்துருதோம்!"

பன்களுக்கு நடுவே கத்தி படுத்துக்கொண்டது. அடுப்பு வாயிலேயே குந்தியிருந்தோம். பளபளத்த இரும்பில் மெல்ல மெல்ல, பதம் வந்ததற்கு அடையாளமான வைக்கோல் நிறம் ஏறியது. காந்தம் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் ஒரு தட்டு பன் தரையில்.

ஞாயிற்றுக்கிழமை. அக்கா கத்தியை முகர்ந்தாள். "என்னலே, பன் வாசம் அடிக்கி?" சீலாத் தலையில் ஓங்கிப் போட்டாள். காந்தம் கண்ணை மூடிக்கொண்டான். தலை தனியே உருண்டது! அக்கா கத்தியின் வாயைத் தடவிப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை. அடுத்த மீனை இழுத்தாள்.

"எக்கா, நான் இருக்கலாமா?"

"தள்ளி நில்லுலே, வெளிச்சத்த மறைக்காத."

போன மாதம் காந்தம் வேலை மாறிக் கொச்சிக்குப் போய்விட்டான். புதிதாக வந்த பையன், அந்தச் செங்கற்களை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, அக்கா முறைத்த முறைப்பில் அவன் கீழே இறங்கிவிட்டான்.

மழை தூறினால் அக்காவும் நானும் மாடிக்கு ஓடுகிறோம். முதலில் அடுப்புக்குத் தார்ப்பாய். துணியெல்லாம் அப்புறம்.