‘ஃபூலிஷ்’ என்பதற்கு ஜேர்மன்

நவம்பர் 12, புதன். இன்று ஒரு சிறு பிழை. ‘ஃபூலிஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஜேர்மன் எழுதியதில் ஒரு புள்ளி போயிற்று.

சுஹறா நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதினாள். கணவன் அப்ராஸுக்கு ஜேர்மனியில் பேக்கரி வேலை. அவனிடம் போய்ச் சேர, ஜேர்மன் மொழி முதலாம் படிப் பரீட்சையில் அவள் சித்தியடைய வேண்டும். அதற்குத்தான் கல்முனையில் இந்த மாலை வகுப்பு. அவனிடம் கேட்டுத்தான் ‘டோஃப்’ என்று எழுதியிருந்தாள்.

“அப்படி ஒரு சொல்லே இல்ல,” என்றார் வகுப்பு எடுக்கும் ஜவ்பர் ஸேர். பெர்லினில் ஏழு வருடம் இருந்ததாக அடிக்கடி சொல்வார். சரியான சொல் ‘டோரிஷ்ட்’ என்றார். கைபேசியில் தேடினாள், அதுவும் அதையே சொன்னது.

தான் கேட்ட விதம்தான் பிழையோ என்று அப்ராஸிடம் மறுபடி கேட்டாள்.

“எங்கட முதலாளி நாள் முழுக்க என்னைக் கூப்பிடுற சொல் அது. எனக்குத் தெரியாதா?”

அதை அவள் வகுப்பில் சொல்லியிருக்கக் கூடாது. சிரித்தவர்கள் வழியாக விஷயம் வாப்பா ஷரிபுதீனின் காதுக்குப் போனது. மருமகன் ஜேர்மனியில்தான் இருக்கிறானா என்று அவர் கேட்க ஆரம்பித்தார். அவரைச் சமாதானப்படுத்த, வீடியோ அழைப்பில் வேலையிடத்தைக் காட்டும்படி அப்ராஸிடம் சொன்னாள். ஜன்னலில்லாத அறை, மா மூட்டைகள், ரொட்டி சுடும் ஒரு போறணை.

“இது பக்கத்துல சாய்ந்தமருதிலயும் இரிக்கி,” என்றார் வாப்பா.

தெருவையாவது காட்டுங்கள் என்று கெஞ்சினாள். வேலை நேரத்தில் வெளியே போனால் முதலாளி விடமாட்டார் என்றான். அழுதாள், போனான். அங்கே இன்னும் விடியவில்லை. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் யாரோ கத்துவது மட்டும் கேட்டது. மறுநாள் ஒரே வரியில் செய்தி வந்தது: வேலை போய்விட்டது.

“இல்லாத வேலை எப்படி மகள் போகும்?” என்றார் வாப்பா.

அதன்பிறகு அப்ராஸ் அழைப்பை எடுக்கவில்லை. பிரிவு கேட்டு வாப்பா மனு எழுதுவித்தார். சுஹறா பேனாவைக் கீழே வைத்தாள். ஆனால் ஒரு பக்கம் ஸேர், மறுபக்கம் கைபேசி. இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்லும்போது அவள் யார் மறுக்க? கையெழுத்திட்டாள். மனு, மணவிலக்கு விசாரிக்கும் காதியாரிடம் போனது.

விசாரணையில் சாட்சி சொல்ல ஸேரைக் கூப்பிட அவர் வீட்டுக்குப் போனாள். கைப்பிள்ளையைத் தோளில் தட்டியபடி அவர் மனைவி கதவைத் திறந்தாள்.

“அவர் கொழும்புக்குப் போய்ட்டார் புள்ள. முதலாம் படிப் பரீட்சை. ஃபோனப் பாத்துப் பாத்துப் படிச்சும் ரெண்டு தரம் ஃபெயில். இந்தத் தரமாவது பாஸானா, மனிசன் அந்த நாட்ட ஒருக்காக் கண்ணால பாத்திருவார்.”

நவம்பர் 20, வியாழன். நாளைய வேலை: ஜும்ஆ தொழுகைக்கு முன் காதியாரிடம் போய் மனுவைத் திரும்ப வாங்க வேண்டும்.