பெண் பார்க்கப் போன இடத்தில் கரைத்த மண்

படித்ததை எல்லாம் எதிரில் இருப்பவர்களிடம் அளக்கும் வியாதி எனக்கு உண்டு. (இப்போதும் முழுதாகக் குணமாகவில்லை.) அது நன்றாக முற்றியிருந்த இரண்டாயிரங்களின் தொடக்கத்தில்தான் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன்.

பெண்ணின் அப்பா சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்தினார். பெண்ணை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எப்படியாவது அவர் தலையாட்டிவிட வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவரோ என் படிப்பைப் பற்றிக் கேட்டார். கடலோரக் காயல்களில் வண்டல் எப்படிச் சேர்கிறது என்று ஆராய்வதாகச் சொன்னேன்.

"மண்ணு சேர்றதுல எம்புட்டு ஆராயப் போறீக? வெம்பக்கோட்டை டேம்ல அதுபாட்டுக்குச் சேர்ந்து கெடக்கே" என்றார்.

அதோடு கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். விட்டேனா? ஆறு கொண்டுவரும் களிமண் நல்ல தண்ணீரில் மிதந்துகொண்டே வரும், காயலின் உப்புத் தண்ணீரில் கலந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும் என்று வகுப்பெடுத்தேன். நிரூபித்தே காட்டுகிறேன் என்று இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி, கொல்லையில் இருந்த கரிசல் மண்ணை இரண்டிலும் கரைத்து, ஒன்றில் மட்டும் உப்பைப் போட்டேன். (புது வேட்டியில் தெறித்த சேற்றை என் அம்மா பார்த்த பார்வை தனிக் கதை.) உப்புப் போடாத டம்ளர் சாயங்காலம் வரை கலங்கியே இருக்கும் என்று சவால் வேறு.

காபி குடித்து முடிப்பதற்குள் இரண்டு டம்ளரும் ஒன்றுபோலத் தெளிந்துவிட்டன.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றார் அவர். எனக்குக் காது வரை சுட்டது. என் அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள். "இது போர்த் தண்ணி. வாயில வைக்க முடியாத உப்பு. குடிதண்ணில கரைச்சுப் பாருங்க."

சிவகாசியில் பிறந்து, இதே உப்புத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன் நான். காயல் வரை போன புத்திக்கு எங்கள் ஊர்க் குழாய் நினைவுக்கு வரவில்லை. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த குடிதண்ணீரில் ஒரு டம்ளரை, தன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே, அவள் கொண்டுவந்து வைத்தாள். கரைத்தேன். நாங்கள் கிளம்பும்வரை அது கலங்கியேதான் இருந்தது. அவர் அதை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தார்.

சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. "இன்னமும் கலங்கித்தான் கெடக்கு. மாப்பிள்ளை பொய் சொல்லல. மேக்கொண்டு பேசிருவோம்."

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், என் மனைவி தலை நிமிராமல் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். இப்போது பிள்ளைகளும் சேர்ந்து கேட்கிறார்கள்.

"எந்தத் தண்ணில?"