கிள்ளான் சாலையை நான் திருப்பிப் போட்ட கதை

என் அக்கா பாக்கியத்தின் கல்யாணத்தன்று காலையில் நடந்தவை, வரிசைப்படி:

1. ஏழு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் பத்தரிடம் தாலியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டேன்.
2. ரயிலில் வரச் சொல்லியிருந்தார்கள். மோட்டார் பஸ்ஸில் ஏறினேன்.
3. எட்டேகாலுக்குப் பஸ் நின்றது.
4. ஒன்பது மணிக்கும் நின்றுகொண்டிருந்தது.
5. ஒன்பதரைக்கு, இந்தச் சாலை வேலையைக் கெடுத்த ஆளை நீக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். பஸ்ஸில் இருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.
6. பத்து மணிக்கு அந்த ஆள் யாரென்று தெரிந்தது.
7. நான்.

பட்டியலாகப் பார்த்தால் ஏழே வரிதான். எங்கள் வீட்டில் இதைச் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிவிடும்.

அப்போது எனக்கு இருபது வயது. ஒரு சாலை ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் டிரேசராக இருந்தேன். பெரியவர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல், ஊடு தெரியும் துணி ஒன்றை விரித்து, மையால் கோட்டுக்குக் கோடு நகல் எடுக்க வேண்டும். பிறகு அந்தத் துணியை மருந்து தடவிய தாளின் மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் பூட்டி, வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாகப் படம் வரும். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். ஆகவே ஒரு கோடுகூடப் பிசகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் என் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவேன். (யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.)

அப்பாவுக்குக் கிள்ளான் ரயில் நிலையத்தில் வேலை. வீடும் அங்கேதான், கல்யாணமும் அங்கேதான். நான் மட்டும் வேலைக்காகப் பிரிக்பீல்ட்ஸில் சித்தி வீட்டில் இருந்தேன். பத்தர் தாலியைக் கல்யாணத்தன்று காலையில்தான் தருவேன் என்று சொல்லிவிட்டதால், அதை வாங்கிக்கொண்டு வரும் பொறுப்பு என்னுடையது. முகூர்த்தம் பத்து மணிக்கு மேல் பதினொன்றரைக்குள்.

"ஏழரை ரயில்ல ஏறு. ரயிலுக்குக் குறுக்க எவனும் மண்ணு வெட்ட மாட்டான்," என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் ஏன் பஸ் ஏறினேன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்து தீகா என்ற ஊருக்குச் சற்று முன்னால் சாலையின் குறுக்கே மதகு கட்ட, எங்கள் அலுவலகம் பள்ளம் வெட்டுவதாக இருந்தது. வேலை முடியும் வரை வண்டிகள் சுற்றிப் போவதற்கான மாற்று வழியை டிரேஸ் செய்தது நான். அன்றுதான் அந்த வழியைத் திறக்கிறார்கள். துணியில் நான் இழுத்த கோட்டின் மேல் உண்மையான வண்டிகள் போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் பட்டுப்புடவையில்!

பார்த்தேன். வண்டிகள் போகவில்லை.

பள்ளத்தின் வலப்புறம் சதுப்பு. அந்தச் சதுப்பில் புதிதாக மண் கொட்டி ஒரு வழி போட்டிருந்தார்கள். அதன் நடுவில் அன்னாசி ஏற்றிய லோரி ஒன்று அச்சுவரை இறங்கி நின்றது. அதற்குப் பின்னால் மாட்டு வண்டிகள், ரப்பர் லோரிகள், ஹாரனை விட்டுக் கையை எடுக்காத துரைமார்களின் கார்கள், எங்கள் பஸ். சைக்கிள்காரர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனார்கள். அரை மணிக்குள் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, விற்பவர் வந்துவிட்டார்.

"என்ன அண்ணே, எப்பப் போகும்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. இஞ்சின் நல்லா இருக்கு, டயரு புதுசு. ரோடுதான் இல்ல."

என் பக்கத்தில், கிள்ளான் சந்தைக்குத் துணிமூட்டையோடு போய்க்கொண்டிருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், ஒரு நானா, உட்கார்ந்திருந்தார். அவர் மூட்டையின் மேல் யாருடைய கோழியோ உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளித் தள்ளி அவருக்குக் கோபம் ஏறியிருந்தது.

"இதப் பண்ணினவன் யாரு? அவனக் கொண்டாந்து இந்தச் சேத்துல நட்டு, கையில செவப்புக் கொடியக் குடுத்து நிக்க வைக்கணும்!"

எனக்கு ரோஷம் வந்தது. "படத்துல தப்பு இல்ல நானா. படம் எனக்குத் தெரியும், டிரேஸ் பண்ணதே நான்தான். அங்க பாருங்க, இடப்பக்கம் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதை. கல்லு மாதிரி இருக்கு. வண்டிங்க அதுக்குள்ள பூந்து பள்ளத்தத் தாண்டி வெளிய வரணும். அதுதான் பிளான். இங்க ஆளுங்கள வேல வாங்குற மண்டோரு படத்தையே பாக்கல."

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாலையும் மதகும் எப்படிக் கட்டப்படுகின்றன என்று ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். (அந்த நேரத்தில் என் வாயைப் பொத்த ஒருவரும் இல்லாமல் போனார்களே!)

"படிச்ச புள்ள. நீயே ஒரு மனு எழுதும்மா," என்றார் நானா.

பையில் எப்போதும் நோட்டுப் புத்தகம் இருக்கும். அழகான கையெழுத்தில் எழுதினேன். ஒன்று: இடப்புறம் நல்ல பாதை இருக்க, வலப்புறச் சதுப்பில் வழி விடப்பட்டுள்ளது. இரண்டு: இதனால் கல்யாணத்துக்குப் போகும் தாலி நடுவழியில் நிற்கிறது. மூன்று: கோழி. (நானா விடவில்லை.) நான்கு: இத்தவறுக்குக் காரணமானவர் எவராயினும் உடனடியாக வேலையிலிருந்து நீக்கப்பட வேண்டும்.

'எவராயினும்' என்ற சொல் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. அடிக்கோடு போட்டேன்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டதும், மனுவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் நானாவும் பாதி பஸ்ஸும் வந்தார்கள். மணி பத்து. கிள்ளானில் அக்கா மணவறைக்கு வரத் தயாராகியிருப்பாள்.

மண்டோர் தொடைவரை சேற்றோடு அன்னாசி லோரியின் பின்புறத்தில் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலையாட்களை வைத்து வேலை வாங்க வேண்டிய மனிதர், தானே மாடாக முட்டிக்கொண்டிருந்தார்.

"மண்டோர் அண்ணே, படத்தப் பாத்தீங்களா இல்லையா?"

அவர் நிமிர்ந்தார். "படமா? ரெண்டு நாளா அதத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்கேன். இஞ்சினியர் துரைக்குக் காய்ச்சல். படத்த எங்கையில குடுத்துட்டுப் படுத்துட்டாரு. படத்துல வலப்பக்கம் வழி இருக்கு. வந்து பாத்தா வெறும் சதுப்பு. சரி, இல்லாத வழியப் போடத்தானே நம்மள வச்சிருக்காங்கன்னு மண்ணக் கொட்டினேன். கொட்டக் கொட்டக் குடிக்குதும்மா!"

"இடப்பக்கம் பாதை இருக்கே!"

"தெரியுமே. தோட்டத்துக் காவக்காரரு நேத்தே கேட்டத் தொறந்து வச்சுட்டு, ஏன் யாரும் வரலன்னு கேட்டாரு. படத்துல இல்லாத பக்கம் போக எனக்கு ஆர்டர் இல்லய்யான்னு சொல்லிட்டேன்."

"படத்த எடுங்க," என்றேன். ஒரு நீதிபதியின் குரல் எனக்கு வந்திருந்தது.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தகரக் குழலிலிருந்து நீலத் தாளை எடுத்து விரித்தார். மாற்று வழி வலப்புறத்தில் இருந்தது. எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றன. மூலையில், அழகாக, பின்பக்கமாக, என் பெயரின் முதலெழுத்துகள்.

அந்த அன்னாசி லோரியைவிட ஆழமாக நான் இறங்கிப்போனேன்.

நினைவு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் நான்கு படிகள் எடுத்தேன். மூன்று சரி. நான்காவதற்கு வெயிலில் சட்டத்தை வைக்கப் போகையில் மேகம் திரண்டது. மழைக்கு முன் முடிக்க வேண்டும். மனம் முழுக்கக் கல்யாணப் புடவைக்கு எந்த நிற ரவிக்கை என்பதில் இருந்தது. டிரேசிங் துணியைப் புரட்டி வைத்துவிட்டேன். துணியில் இரண்டு பக்கமும் கோடு தெரியும், அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. அலசி, சுவரைப் பார்க்கத் தொங்கவிட்டு, காய்ந்ததும் சுருட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒன்றுதான் வேலைத்தலத்துக்கு வந்திருக்கிறது.

"அண்ணே, இங்கிலீஷ் எழுத்து திரும்பியிருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு இங்கிலீஷ் எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதாம்மா."

பின்னால் கூட்டம் கத்தியது. "மனுவக் குடு தங்கச்சி! இவன் சீட்டக் கிழிக்கணும்!" மண்டோர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இத்தனை கையெழுத்து உள்ள தாள் தனக்கு நல்லதல்ல என்று தெரிந்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தொப்பிதான் என்னைப் பேச வைத்தது. 'ஆபீஸில் யாரோ தப்புப் பண்ணிட்டாங்க' என்று சொல்லி நழுவியிருக்கலாம். மனு போனால் வேலை போவது அவருக்குத்தான்.

"இவரு மேல தப்பு இல்ல. படிய நான்தான் திருப்பிப் போட்டுட்டேன்," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. தாளைப் பின்புறமாகத் திருப்பி வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். வெளிச்சத்தில் கோடுகள் மறுபக்கம் தெரிந்தன. வழி இடப்புறம் வந்தது. மண்டோர் தாளைப் பார்த்தார், தோட்டத்துப் பாதையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு சேற்றில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார்.

"ரெண்டு நாளு! ரெண்டு நாளாம்மா ஒரு சதுப்புக்குச் சோறு போட்டேன்!"

நானா சிரிக்கவில்லை. என் பக்கம் விரலை நீட்டிச் சொன்னார்: "நான் என்ன சொன்னேன்? சேத்துல நட்டு, கையில செவப்புக் கொடி."

அப்படியேதான் நடந்தது. தடுப்புகளை மாற்ற எல்லா ஆட்களும் தேவைப்பட்டதால், தோட்டத்துக் கேட்டில் கொடி பிடிக்க ஆள் இல்லை. மண்டோர் சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றுமாக இரண்டு கொடிகளை என் கையில் கொடுத்தார். முழங்கால்வரை சேறு, இடுப்பில் தாலி, அரக்குப் பட்டு. முதலில் மாட்டு வண்டிகள், பிறகு ரப்பர் லோரிகள் என்று ஒவ்வொன்றாக விட்டேன். எங்கள் பஸ் போகும்போது டிரைவர் கையாட்டினார். "ஏறு தங்கச்சி!" என்றார். கொடியை வாங்க ஆள் வரவில்லை, நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

மணி பத்தே முக்கால். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்து வந்த காரைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினேன். முன்னால் பூச்சரம் கட்டியிருந்தது. உள்ளே செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவரை நிச்சயதார்த்தத்தில் பார்த்திருக்கிறேன். என் அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், அதுவரை என்னால் வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றவர்.

"நீங்க... பாக்கியத்தோட தங்கச்சிதானே?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா. நீங்க ஏன் ரயில்ல போகல?"

அவர் பக்கத்தில் இருந்த தாய்மாமன் தலையை நீட்டினார். "ரயில்ல வேல செய்றவன் ரயில்லயே போயி இறங்கினா, கல்யாணத்துக்கு வந்தானா வேலைக்கு வந்தானான்னு கேப்பாங்களாம். அதான் காரு. நீ ஏம்மா இங்க கொடி புடிக்கிற?"

"அது பெரிய கதைங்க. தாலி எங்கிட்டதான் இருக்கு."

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். சேற்றைப் பார்த்துத் தாய்மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை அவரை நகர்ந்து உட்காரச் சொன்னார். மண்டோர் ஓடி வந்து கொடிகளை வாங்கிக்கொண்டார்.

கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபது. நாதஸ்வரக்காரர் தெரிந்ததையெல்லாம் வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார். தாலியை அம்மா கையில் கொடுத்துவிட்டு அக்காவின் பின்னால் போய் நின்றேன். தலையைக் குனிந்தபடியே அவள் கேட்டாள்:

"என்னடி, ரயில் தடம் புரண்டிருச்சா?"

"நான் ரயில்ல வரல."

"அப்ப புரண்டது நீதான்."

கெட்டிமேளம் கொட்டியது. அவள் சிரித்துக்கொண்டேதான் தாலி வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மனுவை எடுத்துக்கொண்டு போய்த் தலைமை வரைபடக்காரர் மேசையில் வைத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், கடைசிப் புள்ளிவரை படிப்பவர். படித்தார்.

"நாலாவது பொயின்ற் உம்மை வேலையால நிப்பாட்டச் சொல்லுது."

"ஆமா, சார்."

"எழுத்து உம்மடையோ?"

"ஆமா, சார்."

"நல்ல எழுத்து. போய் இருந்து வேலையைப் பாரும். இண்டையிலிருந்து ஒரு படியும் நீர் பாக்காமல் வெளிய போகக் கூடாது. எடுத்தவர் எவராயினும்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் கோழி ஆற்றை? ஆருக்குச் சொந்தம்?"

இது நடந்து நான்கு வருஷமாகிறது. அத்தான் இன்றும் நான் எந்தத் தாளைக் கொடுத்தாலும், ரயில் நேர அட்டவணையாக இருந்தாலும், முதலில் பின்பக்கம் திருப்பி வெயிலில் பிடித்துத்தான் படிப்பார். அக்கா மகளுக்கு மூன்று வயது. அவளும் எல்லாவற்றையும் வெயிலில் பிடிக்கிறாள், தோசை உட்பட.

மதகு முடிந்துவிட்டது. சாலை நேராகப் போகிறது. நான் அதே அலுவலகத்தில் இருக்கிறேன். மற்றவர்கள் எடுக்கும் படிகளைச் சரிபார்ப்பது இப்போது என் வேலை. மண்டோர் சதுப்புக்குச் 'சோறு போட்ட' இடம் அடுத்த வறட்சியில் இறுகிவிட்டது. சதுப்புக்கு அப்பால் இருக்கும் கம்பத்துக் கிராமத்தார் அதை நீட்டிக்கொண்டார்கள். முன்பு சுற்றிப் போனவர்கள் இப்போது அதன் வழியாகத்தான் பஸ்ஸுக்கு வருகிறார்கள். அந்தப் பாதை எந்தப் படத்திலும் இல்லாமல் இருந்தது. போன மாதம் புதுப் படத்தில் அதை நான் வரைந்தேன். வலப்புறத்தில்.